முரண்டு பிடிக்கும் குதிரைக்கு எங்கே நோகிறது? கேள்வி பதில்

நுவரெலியா, கந்தப்பளை, பண்டாரவளைப் பக்கம் சவாரிக்குக் குதிரை வைத்திருப்பவர்களும் அவர்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகள் இவை. பலர் "இதற்குத் திமிர்" என்று முடிவு கட்டிவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்கள். வலி இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சுக்கே இடம் என்பது என் கட்சி.

கேள்வி: அண்ணா, கிரகரி ஏரிப் பக்கம் போனி ஓட்டுகிறேன். சேணத்தைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போனாலே காதை மடக்கிக் கடிக்க வருகிறது. சித்திரை சீசனுக்கு முன்னால் இப்படி இல்லை. கெட்ட பழக்கம் பிடித்துவிட்டதா? (நுவரெலியா)

தம்பி, "சீசனுக்கு முன்னால் இப்படி இல்லை" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இடையில் என்ன மாறியது என்று பாருங்கள். சீசனில் காலையிலிருந்து இருட்டும்வரை ஆள் ஏறியிருப்பார்கள், குதிரை மெலிந்திருக்கும். முதுகுத் தசை வற்றினால், போன வருடம் பொருந்திய அதே சேணம் கீழே இறங்கி எலும்பில் உட்காரும்.

இன்றைக்கு சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் துடைக்காமல் முதுகைப் பாருங்கள். முதுகெலும்பின் மேல் தவிர, சேணம் இருந்த இடம் முழுக்க ஒரே மாதிரி வியர்த்திருக்க வேண்டும். நடுவில் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்த திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் அதிகமாக இருக்கலாம், அல்லது சேணம் படாமலே இருக்கலாம். மற்ற இடமெல்லாம் கறுப்பாக இருக்க, தோள் மேட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய காயத்தின் தடம். அப்புறம் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரல் நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டே பின்னால் போங்கள். ஓரிடத்தில் தோல் துடிக்கும், முதுகு தாழும், அல்லது தலை உங்கள் பக்கம் திரும்பும். அதுதான் இடம். குதிரைக்கு ஒரு பக்கத்துக்கு 18 விலா. சேணத்தின் பாரம் கடைசி விலாவைத் தாண்டிப் பின்னால் போகவே கூடாது. பெரிய குதிரையின் சேணத்தைப் போனிக்குப் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

முதுகில் ஒன்றும் இல்லையென்றால் வயிறு. குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அதனால்தான் வெளியில் விட்ட குதிரை நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்கிறது. ஆள் வருவார்கள் என்று வெறும் வயிற்றோடு மணிக்கணக்கில் கட்டிப்போட்டால் புண் வரும். அந்த வயிற்றில் வாரை இறுக்கினால் கடிக்காமல் என்ன செய்யும்? காத்திருக்கும் நேரத்தில் முன்னால் புல் கிடக்கட்டும். வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல், ஒரு துளை போட்டு, பத்தடி நடத்தி, அடுத்ததைப் போடுங்கள்.

கேள்வி: ஏற்றத்தில் நன்றாகப் போகிறது. தேயிலை மலைக்குள் இறக்கம் வந்தால் நின்றுவிடுகிறது. அடித்தால் பின்னங்காலை எறிகிறது. (கந்தப்பளை)

முதலில் அடிப்பதை நிறுத்துங்கள், ஐயா. இறக்கத்தில் மட்டும் என்பது நல்ல தடயம். சேணம் முன்னால் வழுக்கித் தோளை முட்டலாம், முன்னங்குளம்பு நோகலாம், பின்னங்கால் மூட்டுத் தாங்காமல் இருக்கலாம். மூன்றையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. அதே இறக்கத்தில் சேணமே இல்லாமல் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். அப்போதும் தயங்கினால் கோளாறு காலில். சேணம் போட்டு ஆள் இல்லாமல் நடத்தும்போது தயங்கினால் சேணத்தில். ஆள் ஏறினால்தான் என்றால் பாரமும் அவர் உட்காரும் விதமும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சேணத்தையும் லாடத்தையும் தீனியையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்றால், எதனால் என்று யாருக்கும் தெரியாது.

குளம்பைத் தூக்கிப் பாருங்கள். நம் பக்கத்து மழைக்கும் ஈரமான லாயத்துக்கும் குளம்பின் நடுவில் இருக்கும் மெத்தையான பகுதி சீக்கிரம் அழுகும். கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் அதுதான். தினமும் சுரண்டிச் சுத்தம் செய்து, காய்ந்த தரையில் கட்டுங்கள். லாடம் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிக் குளம்பைச் சீவிப் போட வேண்டியது. தேயும்வரை விட்டுவைத்தால் குளம்பின் முனை நீண்டு, இறக்கத்தில் தடுமாறும்.

கேள்வி: மூன்று வயதுக் குதிரை. கடிவாளத்தை இழுத்தால் தலையை உதறுகிறது, வாயைத் திறக்கிறது. வாயில் இன்னும் கடினமான கடிவாள இரும்பு போடலாமா? (ஹட்டன்)

வேண்டவே வேண்டாம். இரண்டரை வயதிலிருந்து ஐந்துக்குள் 24 பால்பற்கள் விழுந்து புதுப் பல் வருகிற காலம் இது. சிலவற்றுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், இரும்பு படும் இடத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு உபரிப் பல்லும் முளைத்திருக்கும். மேல் கடைவாய்ப் பல் வெளிப்பக்கம், கன்னத்தைக் கிழிக்கிற மாதிரிக் கூராகும். கீழ்ப்பல் உட்பக்கம் கூராகி நாக்கில் படும். மிருக வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். அதுவரை இரும்பில்லாத தலைக்கயிறு போதும்.

கேள்வி: எங்கள் குதிரை துள்ளுவதில்லை, கடிப்பதில்லை. ஆனால் நடை சுருங்கிவிட்டது. ஓடச் சொன்னால் ஓடாது. தீனி கிகுயுப் புல்லும் அரிசித் தவிடும், தாராளமாகப் போடுகிறோம். சோம்பேறியாகிவிட்டதா? (நானுஓயா)

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. கிகுயு நம் மலைக்கு நன்றாக ஒத்துப்போன புல், மாட்டுக்கு அருமையான தீனி. ஆனால் அதில் ஆக்சலேட் என்ற உப்பு உண்டு. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, குதிரையின் உடம்பில் சேர விடாது. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. அதற்கு மேல் தவிடு: தவிட்டில் பாஸ்பரஸ் சுண்ணாம்பைவிடப் பல மடங்கு. குதிரைத் தீனியில் சுண்ணாம்பு எப்போதும் பாஸ்பரஸுக்குக் குறையக் கூடாது, ஒன்றரை இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. நீங்கள் போடுவது நேர் எதிர்.

இரத்தத்தில் சுண்ணாம்பு குறையும்போது உடம்பு அதை எலும்பிலிருந்து எடுக்கும். எலும்பு மெலிய, மூட்டு மூட்டாக நோகும். இன்றைக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால் என்று நொண்டும். முற்றினால் கண்ணுக்குக் கீழே, மூக்கெலும்பின் இரு பக்கமும் வீங்கி முகமே பெருத்துவிடும். இரத்தப் பரிசோதனையில் சுண்ணாம்பு சரியாகவே இருக்கலாம், எலும்புதான் ஈடு கட்டிக்கொண்டிருக்கிறதே! அதனால் வைத்தியரிடம் தீனி விவரத்தைச் சொல்ல மறக்காதீர்கள். தவிட்டை உடனே குறையுங்கள், வேறு புல்லும் கலந்து கொடுங்கள், சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்பதை அவரிடம் கேட்டுச் சேர்த்துக் கொடுங்கள். தேற மாதக்கணக்காகும். அதுவரை சவாரி வேண்டாம், அக்கா. உங்கள் குதிரை சோம்பேறி இல்லை.

கேள்வி: என் போனி 250 கிலோ இருக்கும். எவ்வளவு பாரம் ஏற்றலாம்? (நுவரெலியா)

சேணத்தோடு சேர்த்து 50 கிலோ, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அமெரிக்காவின் ஒஹாயோவில் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், பாரம் 25, 30 சதவீதத்துக்குப் போனபோது தசைவலியின் அடையாளங்கள் கூடின. உங்கள் போனி சின்னப் பிள்ளைகளுக்கு. பெரியவர் காசு கூடத் தருகிறேன் என்றாலும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: லாயத்து வாசலைத் தாண்ட மறுக்கிறது. அப்பா ஏறினால் போகிறது, நான் ஏறினால் இல்லை. உடம்பைப் பார்த்தாகிவிட்டது. (பண்டாரவளை)

அப்படியென்றால் உங்கள் இருவருக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள், தங்கச்சி. ஓர் எட்டு வைத்த உடனேயே அப்பா காலைத் தளர்த்துவார், நீங்கள் பயத்தில் கயிற்றையும் இழுத்துக் காலையும் அழுத்துவீர்கள். போ என்றும் நில் என்றும் ஒரே நேரத்தில் சொன்னால் அது நிற்கத்தான் செய்யும். கூட்டாளிக் குதிரையை முன்னால் விட்டுப் பழக்கினாலும் பலன் உண்டு.

கேள்வி: வைத்தியர் பார்த்துவிட்டு நொண்டல் இல்லை என்றார். அப்போ திமிர்தானே? (ராகலை)

நின்ற குதிரையைப் பார்த்தாரா, ஆள் ஏறிய குதிரையையா? இங்கிலாந்துக் குதிரை வைத்தியர் சூ டைசனும் அவருடைய குழுவும், ஆள் ஏறியிருக்கும்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். காது ஐந்து வினாடிக்கு மேல் பின்னால் மடங்கியிருப்பது, வாய் பத்து வினாடிக்கு மேல் திறந்திருப்பது, வாலை ஒடுக்குவது, தலையை உதறுவது, தானாக நடையை மாற்றுவது, திரும்பத் திரும்ப இடறுவது எல்லாம் அதில் உண்டு. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் தசையிலோ எலும்பிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம்.

வலிநிவாரணி கொடுத்துச் சில நாள் ஓட்டிப் பார்க்கும் பரிசோதனையும் இருக்கிறது, வைத்தியர் சொன்னால் மட்டும். மருந்தில் குதிரை மாறினால் வலி உறுதி. மாறாவிட்டால் வலி இல்லை என்று அர்த்தமாகாது, சில வலிக்கு அந்த மருந்து எடுபடாது.

பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுக்கும்படி உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். போகும்போது ஃபோனில் வீடியோ எடுத்துப் போங்கள்: சேணம் போடும்போது, ஆள் ஏறும்போது, ஏற்றத்தில், இறக்கத்தில், இரண்டு பக்கமும் வட்டமாக ஓடும்போது. உங்கள் சேணத்தையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.