பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 நொடி

கேள்வி: காவலர் பயிற்சியை முடிக்கப்போகிறேன். "இனிமேல் ஆளுக்கொரு சட்டைக் கேமரா, படத்தைச் சரிபார்க்கக் கம்ப்யூட்டர். யாரும் அத்துமீற முடியாது" என்கிறார் பயிற்சியாளர். நம்பலாமா? நான் எதில் கவனமாக இருக்க வேண்டும்?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

பதில்: தம்பி, பாதியை நம்பலாம்.

2017இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு காவலர், குப்பையில் கிடந்த காலி டின்னுக்குள் போதைமாத்திரைப் பையைத் தானே வைத்தார். அப்புறம் தெருவுக்கு வந்து கேமராவை ஆன் செய்தார். திரும்பிப் போய்க் கொஞ்சம் துழாவிவிட்டு, கிடைத்துவிட்டது என்று பையை எடுத்தார். ஆனால் அந்தக் கேமரா, பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 நொடியையும் ஒலியில்லாமல் சேமித்துவைக்கும் ரகம். எல்லாம் பதிவாகியிருந்தது. மறு ஆண்டே நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது.

கேமரா ஜெயித்தது என்கிறீர்களா? பதிவு ஜனவரியில் ஆனது. விஷயம் வெளியே வந்தது ஜூலையில். அதுவும் அந்தப் போதைமாத்திரை வழக்கில் கைதானவருக்காக வாதாடிய வழக்கறிஞர் தரப்பால். அதுவரை கைதானவர் சிறைக்குள்ளேதான் இருந்தார். படம் இருந்தது, உட்கார்ந்து பார்க்கத்தான் ஆளில்லை. இன்னொன்று, பையை ஒளித்தபோது சக காவலர்கள் இருவர் பக்கத்திலேயே நின்றார்கள்.

அதே 2017இல் வாஷிங்டனில் 2,000க்கும் மேற்பட்ட காவலர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் கேமரா கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. பலப்பிரயோகத்திலும் சரி, புகார்களிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசமே இல்லை.

கம்ப்யூட்டர் நாளைக்கு இன்னும் கெட்டிக்காரத்தனமாகத் தேடித் தரும். ஒரே ஆள்மேல் புகார் குவிந்தால் சிவப்புக் கொடி காட்டும். அந்தக் கொடி யார் மேஜைக்குப் போகிறது? அதே நிலையத்து அதிகாரியிடம் என்றால் இழுப்பறைக்குள் போய்விடும். வட அயர்லாந்தில் 2000 முதல் காவலர்மேல் வரும் புகார்களைக் காவல்துறைக்குச் சம்பந்தமில்லாத தனி அலுவலகம் விசாரிக்கிறது. எதிர்காலம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

சரி, உங்கள் விஷயம். வண்டியிலிருந்து இறங்கும் முன்பே கேமராவை ஆன் செய்யுங்கள். சீனியர் "ஆஃப் பண்ணுப்பா" என்றால், யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று அன்றே நாட்குறிப்பில் எழுதுங்கள். அவர் யார்மேலாவது கை ஓங்கினால் அவர் தோளைத் தொட்டு, "அண்ணே, நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று நடுவில் போய் நில்லுங்கள். முதல் தடவை கால் நடுங்கும். அதனால் பயிற்சி முடிவதற்குள் நண்பர் ஒருவரை எதிரே நிறுத்தி, இந்த வாக்கியத்தை நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.