தானம் கொடுத்த மாடு

கேள்வி: பார்பரா ஹாரல்-பாண்ட் என்ற மானிடவியலாளர் அனைத்துலக உதவி அமைப்புகளைக் குறை சொல்லியே பெயர் வாங்கினார் என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதும் ஒரு படிப்பா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: படிப்புதான் ஐயா. பல்லைப் பார்க்கத்தான் வேண்டும். அந்த மாட்டுக்குத் தீனி போடப் போகிறவர் வாங்கியவர்தானே.

அந்த அம்மையார் உட்கார்ந்த இடத்திலிருந்து குறை சொன்னவர் அல்லர். 1979இல் இடி அமீன் ஆட்சி கவிழ்ந்த பின் உகாண்டாவிலிருந்து அன்றைய சூடானின் தென்பகுதிக்கு உயிர் தப்பி ஓடிவந்த மக்களிடையே கள ஆய்வு செய்து, 1986இல் நூலாக வெளியிட்டார். முகாமுக்கே வராமல், ஊராரோடு கலந்து சொந்த உழைப்பில் பிழைத்தவர்கள் அங்கே ஏராளம். உதவி அமைப்புகளோ, அகதி என்றால் எதற்கும் இயலாதவர் என்று முடிவு கட்டித் திட்டம் தீட்டின. கணக்கும் அறிக்கையும் பணம் கொடுத்தவர்களுக்குப் போயின. வாங்கியவர் முறையிட இடமில்லை. 2018இல் மறையும்வரை அவர் விடாமல் கேட்டது இதைத்தான். கேட்டதோடு நிற்கவுமில்லை. 1982இல் ஆக்ஸ்ஃபர்டில் அகதிகள் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். பின்னாளில் கெய்ரோவில் அகதிகளுக்குச் சட்ட உதவி கிடைக்கப் பாடுபட்டார்.

கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹைத்தி சாட்சி. 2010இல் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். ஐ.நா. மன்னிப்புக் கேட்டது 2016இல்.

நம் மலேசியத் தோட்டப்புறத்துக்கு வாருங்கள். தீபாவளிக்கு முன் மண்டபத்தில் உணவுக் கூடை வழங்குகிறார்கள். இனிப்பு நீரால் கால்விரலை இழந்த பாட்டியின் கூடையில் இரண்டு கிலோ சீனி, மூன்று டின் கெட்டிப்பால். அவரைப் பதாகைக்கு முன் நிறுத்தி, "நிமிர்ந்து பாருங்கள் பாட்டி" என்று படம் எடுத்ததை நானே பார்த்தேன். "என்ன வேண்டும்?" என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. தோட்டங்கள் கைமாறி வீடமைப்புத் திட்டங்களானபோதும் இதே கதைதான்: லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) மக்கள் கேட்டது சொந்த வீடு, வந்தது அரிசிப் பை.

பசித்தவருக்குச் சோறு போடுவதை நானும் எதிர்க்கவில்லை, அந்த அம்மையாரும் எதிர்க்கவில்லை. அடுத்த முறை உங்கள் ஊரில் கூடை வழங்கும்போது, பொருள்பட்டியலைத் தயாரித்தவர் எத்தனை வீட்டுப் படியேறிக் கேட்டார் என்று விசாரித்து எழுதுங்கள். வரும் பதிலை இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.