பால்கனிக்குப் பசுந்திரை: செடியை விடுங்கள், முதலில் நாற்காலியைப் பாருங்கள்

கேள்வி: மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். பால்கனி 3.5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், மேற்குப் பார்த்தது, கம்பிக் கைப்பிடி. 8 மீட்டர் தள்ளி எதிர்க் கட்டடம். எங்களைவிட ஒரு மாடி மேலே இருப்பவர்களுக்குக்கூட நாங்கள் உட்கார்ந்திருப்பது அப்படியே தெரிகிறது. ஆண்டு முழுக்க இலை நிற்கிற, சீக்கிரம் 2 மீட்டர் வளர்கிற செடியாக எதைத் தொட்டியில் வைக்கலாம்? வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது. ஒருமுறை வைத்தால் எத்தனை வருடம் வரும்?

பதில்: உங்களுக்கு 2 மீட்டர் செடி தேவையே இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்தே பார்ப்போம். நாற்காலியில் உட்கார்ந்தவரின் உச்சந்தலை தரையிலிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டரில் இருக்கும். எதிரே ஒரு மாடி மேலே நிற்பவரின் கண் உங்கள் தரைமட்டத்திலிருந்து சுமார் 4.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். செடி வரிசையிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி உங்கள் நாற்காலி இருந்தால், அவர் பார்வையை மறைக்க 1.6 மீட்டர் திரை வேண்டும். அதே நாற்காலியை 40 சென்டிமீட்டருக்கு நகர்த்திச் செடியை ஒட்டிப் போட்டால் 1.45 மீட்டரே போதும். தொட்டியின் உயரம் 35 சென்டிமீட்டர் என்றால் செடி 1.1 முதல் 1.2 மீட்டர் இருந்தால் சரி. நர்சரியில் அந்த உயரத்துக்கு அடர்ந்த செடி எளிதாகக் கிடைக்கும். 2 மீட்டரில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் நெருக்கி வளர்த்து, வெளிச்சத்தைத் தேடி மேலே ஓடிய செடிதான். உச்சியில் கொத்தாக இலை, அடியில் வெறும் குச்சி. உங்களுக்கு மறைப்பு வேண்டிய உயரத்தில் அதில் ஒன்றுமே இருக்காது.

கணக்கை நம்ப வேண்டாம் என்றால் ஒரு மாலை சோதித்துப் பாருங்கள். இரண்டு குச்சிகளுக்கு இடையே கயிறு கட்டி, பழைய போர்வையைத் தொங்கவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். எதிர் ஜன்னல் எந்த உயரத்தில் மறைகிறதோ அங்கே போர்வையை நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். எங்கிருந்து எங்கு வரை மூட வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு மொத்த நீளமும் தேவைப்படாது. இரண்டு நாற்காலிகளை மறைக்க 1.6 அல்லது 1.8 மீட்டர் போதும். மிச்சத்தைத் திறந்துவிட்டால் வீட்டுக்குள் காற்றும் வெளிச்சமும் வரும்.

அடுத்தது எடை. இதைச் சொல்லாமல் செடியின் பெயரைச் சொல்வது தவறு. 35 சென்டிமீட்டர் விட்டமும் அதே உயரமும் உள்ள தொட்டியில் சுமார் 33 லிட்டர் மண் பிடிக்கும். தேங்காய் நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்த இலகுவான கலவை என்றால், தண்ணீர் விட்டதும் 35 முதல் 40 கிலோ வரும். வெறும் தோட்டத்து மண்ணை நிரப்பினால் அதே தொட்டி 60 கிலோவைத் தாண்டிவிடும். சுட்ட மண்தொட்டியோ சிமெண்ட் தொட்டியோ என்றால் அதன் எடை தனி. 1 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள நீளத்தொட்டியைப் பலர் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். அதில் 160 லிட்டர் மண். ஒரே தொட்டி 200 கிலோவை எட்டும். பால்கனித் தளம் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது என்பதால், அதன் வெளி விளிம்பில் வைக்கும் எடை சுவரோரம் வைக்கும் அதே எடையைவிடத் தளத்தை மிக அதிகமாக வளைக்கப் பார்க்கும். திரையோ விளிம்பில்தான் வேண்டும். அதனால் எடையைக் குறைப்பது ஒன்றே வழி: 4 தனித்தனித் தொட்டிகள், பிளாஸ்டிக் அல்லது ஃபைபர், இலகுவான கலவை. மொத்தம் 160 கிலோ சுற்றி நிற்கும். கட்டடம் பழையது, அடிப்பக்கத்தில் விரிசலோ கம்பித் துருவோ தெரிகிறது என்றால், கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை ஒரு தொட்டிகூட ஏற்றாதீர்கள்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். விஷச்செடியைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். எனக்கு முதல் பயம் தொட்டியின் விளிம்புதான். கம்பிக் கைப்பிடியை ஒட்டி 35 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தொட்டி நின்றால், 2 வயதுக் குழந்தைக்கு அது படிக்கட்டு. தொட்டிகள் வருவதற்கு முன்பே கைப்பிடியின் உட்பக்கம், தொட்டிமேல் ஏறி நின்றாலும் தாண்ட முடியாத உயரத்துக்கு, உறுதியான வலையைக் கட்டிவிடுங்கள். கைப்பிடியின் மேலேயோ வெளிப்பக்கக் கொக்கியிலோ எந்தத் தொட்டியும் வேண்டாம்.

விஷம் என்று பார்த்தால் அரளியை முழுதாக ஒதுக்குங்கள். வெயில், காற்று, வறட்சி எல்லாம் தாங்கும், இலை உதிராது, திரைக்கு அதைவிடப் பொருத்தமானதில்லை என்று தோன்றும். ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. மஞ்சள் பூ பூக்கும் தங்க அரளியின் விதையும் அப்படியே. குழந்தை இருக்கும் வீட்டில் இவற்றுக்கு இடமில்லை.

உறைபனி விழாத ஊரில் இருந்தால், மேற்கு வெயிலுக்கு என் முதல் தேர்வு காமினி. நர்சரியில் முரையா என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவு. சின்னச்சின்ன பளபளப்பான இலை, வெட்டவெட்ட அடர்த்தியாகும், வெள்ளைப் பூவின் வாசம் மாலையில் வீட்டுக்குள் வரும். ஒரே எச்சரிக்கை: தொட்டியில் எலுமிச்சையோ நாரத்தையோ வளர்க்கிறீர்கள் என்றால் காமினி வேண்டாம். எலுமிச்சைக் குடும்பத்தையே அழிக்கும் பசுமையாக்க நோயைப் பரப்புகிற பூச்சி இந்தச் செடியில்தான் விரும்பித் தங்கும்.

காற்று ஓயாமல் அடிக்கிற உயரமென்றால் விராலி. ஒல்லியான இலை, வறண்ட குன்றுகளில் தானாக வளர்கிற இனம். ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. காமினி அளவுக்கு அழகில்லை, ஆனால் பிழைத்துக்கிடக்கும். இட்லிப்பூவும் நல்ல திரைதான். உப்புத் தண்ணீர் என்றால் மட்டும் இலை மஞ்சளித்து நரம்பு பச்சையாகத் தெரியும். அதற்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். செம்பருத்தி வேகமாக வளரும், கூடவே மாவுப்பூச்சியையும் அழைத்து வரும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க நேரமிருந்தால் வையுங்கள்.

ஃபைக்கஸ் வகைகளைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆலும் அரசும் பிறந்த குடும்பம். தொட்டியின் துளை வழியே வேர் இறங்கித் தளத்தின் இடுக்கில் புகுந்துவிட்டால், தொட்டியைத் தூக்கும்போதுதான் தெரியும். மூங்கில் ஆசை இருந்தால் ஒரே இடத்தில் புதராக வளரும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். வேர்த்தண்டு ஓடுகிற வகை தொட்டியையே பிளக்கும். இன்னொன்று, மூங்கில் தினமும் இலை கொட்டும். மழை நாளில் நாலு இலை சேர்ந்து பால்கனியின் வடிகால் துளையை அடைத்தால் தண்ணீர் அறைக்குள் வரும்.

ஆண்டு முழுக்க இலை என்றால் இலையே உதிராது என்று பொருளில்லை. பழைய இலை கொஞ்சம் கொஞ்சமாக விழும், மொத்தமாக மொட்டையாகாது, அவ்வளவுதான். வாங்கி வந்த முதல் மாதத்தில் கால்வாசி இலை விழுந்தாலும் பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

நீங்கள் உறைபனி விழும் ஊரில் இருந்தால் மேலே சொன்ன பட்டியல் உதவாது. அங்கே போர்த்துகீசிய லாரல், பாக்ஸ்வுட், யூவானிமஸ் போன்றவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். இவற்றின் இலையையும் குழந்தை வாயில் வைக்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். தொட்டியில் வேர் நாலு பக்கமும் குளிரில் நிற்கிறது. அதனால் உங்கள் ஊர்க் குளிரைவிட இன்னும் கடுமையான குளிரைத் தாங்கும் இனமாகத் தேர்ந்தெடுங்கள்.

வெயிலிலும் இதே கதைதான். மேற்கு வெயில் நேரே படும் கறுப்புத் தொட்டியின் பக்கச்சுவரை மாலை 4 மணிக்குத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தப் பக்கத்து வேர் வெந்து, செடியின் அதே பக்கம் இலை காயும். வெளிர் நிறத் தொட்டி வாங்குங்கள். அல்லது ஒரு தொட்டியைச் சற்றே பெரிய தொட்டிக்குள் இறக்கி, நடுவே விரலளவு இடைவெளி விடுங்கள். அடியில் சரளைக்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் மண் நனைந்து நிற்கும் மட்டம் கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கான இடம்தான் குறையும். துளையின் மேல் ஒரு துண்டு கொசுவலை, அதன்மேல் நேராகக் கலவை. தொட்டியைத் தரையிலிருந்து 2 சென்டிமீட்டர் தூக்கிவைத்தால் துளை அடைபடாது.

தண்ணீர் எத்தனை லிட்டர் என்று நான் சொல்ல மாட்டேன். விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள், காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும் வரை ஊற்றுங்கள். கோடையில் இது தினமும் நடக்கும், காற்று நாளில் இரண்டு வேளைகூட. வெளியூர் போகிறவர் என்றால் சொட்டுநீர்க் குழாயும் நேரக்கருவியும் செடியோடு சேர்த்தே வாங்குங்கள்.

நட்ட ஒரு மாதத்தில், புதுத்துளிர் தெரிந்ததும், உச்சியை ஒரு சாண் கிள்ளிவிடுங்கள். உயரம் போகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் பக்கக்கிளைகள் அப்போதுதான் எழும். பிறகு வெட்டும்போதெல்லாம் அடிப்பக்கம் சற்று அகலமாகவும் மேல்பக்கம் குறுகலாகவும் இருக்கட்டும். மேலே குடை விரித்தால் நிழலில் கீழ் இலைகள் உதிர்ந்துவிடும்.

எத்தனை வருடம் என்று கேட்டிருக்கிறீர்கள். தொட்டியை மாற்றாமலே பத்து ஆண்டு காமினியை வைத்திருக்கலாம், இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வேரைக் கழித்தால். தண்ணீர் ஊற்றியதும் மண்ணில் நிற்காமல் ஓரமாக ஓடி வடிகிறதா, துளையில் வேர் எட்டிப் பார்க்கிறதா, அதுதான் நேரம். செடியைப் பக்கவாட்டில் சாய்த்து வெளியே இழுத்து, வேர்க்கட்டியின் சுற்றிலும் அடியிலும் மூன்று விரல் அகலத்துக்கு ரம்பக்கத்தியால் சீவி, மேலே அதே அளவுக்குக் கிளையையும் குறைத்து, புதுக்கலவை போட்டு நட்டுவிடுங்கள். நாலு தொட்டியையும் ஒரே நாளில் செய்யாமல் இந்த ஆண்டு ஒன்றும் மூன்றும், அடுத்த ஆண்டு இரண்டும் நாலும் என்று மாற்றிச் செய்தால், திரையில் ஒருபோதும் பெரிய ஓட்டை விழாது.