‘பார்த்துப் போட்டுக் கொடுங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள்

கேள்வி: கோவையில் நான்கு ஆண்டுகளாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். ஆண்டுச் சம்பளம் 5.4 லட்சம். சென்னைக் கம்பெனி ஒன்று 7.2 லட்சம் சி.டி.சி. (கம்பெனி எனக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) என்று ஆஃபர் லெட்டர் அனுப்பியிருக்கிறது. எட்டு கேட்க ஆசை. ‘வீடு தேடி வந்த லட்சுமியை விரட்டாதே’ என்கிறார் அப்பா. கேட்டால் ஆஃபரே போய்விடுமா?
– வாசகி, கோவை

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆள் எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். நாலைந்து பேரைப் பார்த்து, ‘இந்தப் பெண்தான் வேண்டும்’ என்று மேனேஜர் சொன்ன பிறகே ஆஃபர் லெட்டர் கிளம்பும். மரியாதையாக ஒருமுறை கேட்டதற்காக அதைத் திரும்பப் பெற்றதை நான் பார்த்ததில்லை. முடியாவிட்டால் ‘இதுதான் எங்களால் முடியும்’ என்பார்கள். ஆஃபரை இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இல்லாத இன்னொரு ஆஃபரைக் காட்டி மிரட்டியவர்கள், பே ஸ்லிப்பில் எண்ணைத் திருத்தியவர்கள், சரி என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஏற்றிக்கொண்டே போனவர்கள்.

எட்டு என்று வாய் திறக்கும் முன், அந்த 7.2 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். பன்னிரண்டால் வகுத்து மாதம் 60,000 என்று மனக்கணக்கு போட்டிருந்தால், அவ்வளவு கைக்கு வராது. உதாரணமாக, அதில் 10 சதவீதம் வேரியபிள் (வேலையைப் பொறுத்துக் கூடிக் குறையும் தொகை), பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். வேரியபிளுக்கே 72,000 போய்விடும். கம்பெனி கட்டும் பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், வருடத்துக்கு 43,200. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 17,300. நிரந்தர ஊழியருக்கு அது பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் கிடைக்கும். மீதியை மாதக்கணக்காக்கி, உங்கள் பங்கு பி.எஃப். 3,600-ஐயும் கழித்தால் கையில் நிற்பது ஏறக்குறைய 45,000. பி.எஃப். உங்கள் சேமிப்புதான், ஆனால் சென்னை வீட்டு வாடகையை அதில் கட்ட முடியாது. இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையும் சி.டி.சி.யில் சேர்த்திருந்தால் இன்னும் குறையும்.

அதனால் முதலில் ஹெச்.ஆரிடம் சம்பளப் பிரிவினையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யோசிக்க இரண்டு நாள் கேளுங்கள், கொடுப்பார்கள்.

பிறகு போன் செய்யுங்கள். நம் ஊரில் பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ‘கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்’ என்பார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ பத்தாயிரமா, ஒரு லட்சமா? ஹெச்.ஆர். தன் மேலதிகாரியிடம் போய் எதைக் கேட்பார்? எண்ணைச் சொல்லுங்கள். வீட்டுக்கடனையும் தங்கை கல்யாணத்தையும் காரணமாக்காதீர்கள், வேலையைக் காரணமாக்குங்கள். ‘இந்த டீமில் சேர எனக்கு விருப்பம். நான்கு வருட அனுபவம் இருக்கிறது, ஆட்டோமேஷனும் நானே எழுதுகிறேன். ஃபிக்ஸட் எட்டு லட்சம் ஆக்கித் தந்தால் இன்றே கையெழுத்துப் போடுகிறேன்.’ இவ்வளவு போதும். (ஃபிக்ஸட் என்றால் வேரியபிள் சேராத, உறுதியான சம்பளம். ஆட்டோமேஷன் தெரியாவிட்டால், உண்மையாகத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.) சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். மறுமுனை அமைதியானதும் பயந்துபோய் ‘ஏழரை ஆனாலும் பரவாயில்லை’ என்று நீங்களே இறங்கி வந்துவிடாதீர்கள்.

மொத்தத் தொகையை ஏற்ற வழியில்லை என்றால், வேரியபிளை ஃபிக்ஸடில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். மேலே போட்ட கணக்கில் அதுவே மாதம் 6,000 ரூபாய். ஜாயினிங் போனஸ் தருகிறோம் என்றால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

இன்னொன்று. எனக்குத் தெரிந்த ஒரு பையன், போனில் ‘ஏற்றித் தருகிறோம்’ என்ற ஒற்றை வார்த்தையை நம்பி பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டான். வந்த கடிதத்தில் பழைய எண்ணே இருந்தது. நோட்டீஸ் காலம் ஓடிக்கொண்டிருந்ததால் வாய் பேசாமல் சேர்ந்தான். திருத்திய ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்து, நீங்கள் வரி வரியாகப் படித்து முடிக்கும் வரை கோவை அலுவலகத்தில் மூச்சு விடாதீர்கள். அப்பாவிடம் அந்த 45,000 கணக்கை எழுதிக் காட்டுங்கள்.