இனவெறிப் பேச்சை யார் எடுப்பது? மனநல ஆலோசகர்களுக்கான கேள்வி-பதில்

கே: அமெரிக்காவில் கவுன்சலிங் முதுகலை படிக்கிறேன். பயிற்சியில் வரும் கறுப்பின க்ளையண்டுகளிடம் இனவெறி பற்றி நானே பேச்சை எடுக்கலாமா, அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்கலாமா?
- வாசகி, நியூஜெர்சி

ப: நீங்களே எடுங்கள். எதிரே இருப்பவர் இதைக் காது கொடுத்துக் கேட்பாரா என்று அவர்கள் நோட்டம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆலோசகரே தொடங்குவதை 'ப்ரோச்சிங்' என்பார்கள். நார்மா டே-வைன்ஸும் சக ஆய்வாளர்களும் 2007-ல் இதை விரிவாக எழுதினார்கள்.

முதல் அல்லது இரண்டாவது செஷனில், வந்த பிரச்சினையைக் கேட்டு முடித்த பிறகு இவ்வளவு போதும்: "நான் இந்தியாவிலிருந்து வந்தவள், நீங்கள் கறுப்பினத்தவர். அது நம் பேச்சுக்குக் குறுக்கே வந்தால் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன ஆபீஸ் தொல்லையில் இனத்துக்கும் பங்கு இருந்தால் அதையும் பேசலாம்." அவர் "அப்படி ஒன்றுமில்லை" என்றால் துருவாதீர்கள்; சில வாரம் கழித்து, பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பும்போது மறுபடி கேளுங்கள். படிவம் நிரப்புவதுபோல் ஒரு தடவை கேட்டுவிட்டு மறப்பதும் தப்பு, எல்லாவற்றையும் இனத்தில் கொண்டுபோய் முடிப்பதும் தப்பு. விவாகரத்துத் துக்கத்தோடு வந்தவரிடம் விவாகரத்தைத்தான் பேச வேண்டும்.

கே: பேச்சு வந்தபின் எங்கே சறுக்குகிறது?

ப: பெரும்பாலும் ஆலோசகரின் முதல் பதிலிலேயே. "கடையில் செக்யூரிட்டி என் பின்னாலேயே வந்தார்" என்கிறார் க்ளையண்ட். "எல்லார் பின்னாலும் அப்படித்தான் வருவாரோ என்னவோ" என்கிறார் ஆலோசகர். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு க்ளையண்ட் வாயைத் திறப்பது கஷ்டம். சிபிடி, அதாவது எண்ணங்களைச் சோதித்து மாற்றப் பழக்கும் சிகிச்சை முறை, பயின்றவர்கள் இதில் அதிகம் மாட்டுவார்கள். எந்த எண்ணம் வந்தாலும் ஆதாரம், எதிர் ஆதாரம் என்று கட்டம் போட்டு எழுதவைத்துப் பழகிய கை. நடந்த சம்பவத்தை அந்தக் கட்டத்தில் போடாதீர்கள். "நான் அங்கெல்லாம் போகத் தகுதியில்லாதவன்" என்று அதிலிருந்து அவர் தன்னைப் பற்றி எடுத்த முடிவைப் போடுங்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியவை: அப்போது உடம்பு என்ன செய்தது, சாமானை வாங்கினாரா, விட்டுவிட்டு வந்தாரா, யாரிடமாவது சொன்னாரா, அன்று ராத்திரி தூங்கினாரா.

இன்னொன்று, ஆலோசகர் குற்ற உணர்ச்சியில் கலங்கிப்போய், க்ளையண்ட் அவரைத் தேற்றுவது. காசு கொடுத்து வந்தவர் அவர்! உங்கள் கலக்கத்தை சூப்பர்வைசரிடம் கொண்டுபோங்கள்.

கே: ஒரு கறுப்பின க்ளையண்ட் "நீங்கள் எழுதும் குறிப்பை யார் படிப்பார்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். சந்தேக நோயா?

ப: அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். மருத்துவத்தின்மேல் கறுப்பினத்தவருக்கு இருக்கும் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தப்பி ஓடும் அடிமைகளுக்கு 'ட்ராபெடோமேனியா' என்று ஒரு நோயையே 1851-ல் கற்பித்தவர் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஊரான டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் அரசின் பொதுச் சுகாதாரத் துறை சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது. இன்றும் அமெரிக்காவில் ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு) முத்திரை வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர்மேல் அதிகம் விழுகிறது. அடியில் இருக்கும் மனச்சோர்வு பல சமயம் தப்பிவிடுகிறது.

ஆகவே கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்: குறிப்பை யார் பார்ப்பார்கள், இன்ஷூரன்ஸுக்கு எது போகும், எந்தச் சூழலில் ரகசியம் காக்க முடியாது. சந்தேகம் ஆஸ்பத்திரி, போலீஸ் போன்ற இடங்களோடு நிற்கிறதா, பெற்ற தாய்வரை போகிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் முழுப் பரிசோதனை தேவை.

கே: நானும் மாநிறத் தமிழச்சிதான். 'எனக்கும் புரியும்' எனலாமா?

ப: வேண்டாம். போலீஸ் காரை நிறுத்தினால் உங்களுக்கு வரும் பயமும் அவருக்கு வரும் பயமும் ஒன்றில்லை. தவிர, 'பொண்ணு கொஞ்சம் கறுப்பு' என்று கல்யாணப் பேச்சில் குரலைத் தாழ்த்தும் வீடுகளிலிருந்துதான் நாமும் வருகிறோம். அதை சூப்பர்விஷனில் முதலில் பேசிவிட்டு க்ளையண்ட் முன்னால் உட்காருங்கள்.