அந்தப் பெரியவர்களிடம் என்ன கேட்டீர்கள்?

அன்புள்ள ஐயா,

வட கரோலினாவில் முதுகலை படிக்கிறேன். 1960களில் இன ஒதுக்கலை எதிர்த்துப் போராடிய எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் இயக்கத்தில் இருந்த கறுப்பினப் பெரியவர்கள் சிலர் எங்கள் வகுப்புக்கு வந்து பேசினார்கள். கண் கலங்கிவிட்டது. ஆனால் வெளியே வந்ததும் ஒரு சந்தேகம். இன்று கைப்பேசி இருந்தால் ஒரே இரவில் ஆயிரம் பேரைத் திரட்டிவிடலாம். அவர்களுடைய அனுபவம் எங்களுக்கு எப்படிப் பயன்படும்? மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி எதை முதலில் வாசிக்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கிங்கைப் பற்றி உங்கள் நூலகத்தில் ஓர் அலமாரியே இருக்கும், எதையாவது எடுத்துத் தொடங்குங்கள். எண்பது வயதைக் கடந்தவர்கள் உங்களைத் தேடி வந்திருக்கிறார்கள். அவர்களிடம் என்ன கேட்டீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லையே! அதுதான் எனக்குக் கோபம்.

கொஞ்ச நாளாக, அந்தப் போராட்டத்துக்கு மாணவர்களைத் தயார் செய்த கறுப்பினப் போதகர் ஜேம்ஸ் லாசன் நினைவாகவே இருக்கிறேன். 2024 ஜூனில், 95 வயதில் மறைந்தார். நாக்பூரில் தங்கி காந்தியின் வழிமுறையைப் படித்துவிட்டுப் போனவர். 1959இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் ஒரு தேவாலயத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒருவர் நாற்காலியில் உட்காருவார். கூடப் படிப்பவர்களே சுற்றி நின்று கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், கீழே தள்ளுவார்கள். விழுந்தால் தலையை எப்படிக் காப்பது, பக்கத்தில் அடி வாங்குபவரை எப்படி மறைப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒத்திகை. அப்போது அங்கே கடைகளின் உணவுப் பகுதிகளில் வெள்ளையருக்கு மட்டும்தான் பரிமாறுவார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அப்படிப்பட்ட இரண்டு கடைகளுக்குப் போய் உட்கார்ந்து, பரிமாற மறுத்ததும் ஏன் என்று விசாரித்துவிட்டு எழுந்து வந்தார்கள். அதுவும் ஒத்திகைதான்.

1960 பிப்ரவரி 13இல் நிஜமாகவே உட்கார்ந்தார்கள். அதே மாதக் கடைசியில் அடி விழுந்தது. ஒரு குழுவைப் போலீஸ் கொண்டுபோனதும் அடுத்த குழு வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. மே 10 அன்று அந்தக் கடைகள் கறுப்பர்களுக்கும் பரிமாறின. கைப்பேசி ஆயிரம் பேரைக் கூட்டும், சரி. முதல் அடி விழும்போது அந்த ஆயிரத்தில் எத்தனை பேர் திருப்பி அடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்? அதற்கு மாதக்கணக்கில் பழக வேண்டும் தம்பி. பழக்கத் தெரிந்தவர்கள்தான் உங்கள் வகுப்புக்கு வந்தார்கள்.

அப்போது தன்னிடம் படித்துக்கொண்டிருந்த லாசனை, இந்தப் போராட்டத்துக்காக வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதே 1960இல் வெளியேற்றியது. 2006இல் அதுவே அவரைப் பாடம் நடத்த அழைத்தது. அவர் போனார். அந்த மனசை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்புறம், எஸ்.என்.சி.சி. பிறந்ததே உங்கள் மாநிலத்தில், ராலேயின் ஷா பல்கலைக்கழகத்தில். மாணவர்களை அங்கே கூட்டிய எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண்மணிக்கு அப்போது 56 வயது. பெரிய அமைப்புகளின் கீழே போகாமல் அவர்களே சொந்தமாக நடத்தட்டும் என்றார். பெரியவர்கள் எல்லோருக்கும் அது வருமா?

அவர்களுக்கு மறுபடி எழுதுங்கள். ஜாமீன் பணத்தை யார் திரட்டினார்கள், வண்டி யாருடையது, யார் வீட்டில் தங்கினீர்கள், கூட்டத்தில் ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுங்கள். அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள், அவர்களுக்கு வயதாகிவிட்டது.