‘மக்கும் கவர்’ ஏன் மக்கவில்லை?

மொட்டைமாடிப் பானையில் காய்கறித் தோலோடு ‘மக்கும்’ என்று அச்சடித்த கவரையும் போட்டேன். நாலு மாதம் கழித்துக் கிளறினால் தோலெல்லாம் மண்ணாகிவிட்டது, கவர் அப்படியே இருக்கிறது. ஏமாற்று வேலையா? (வேளச்சேரி வாசகி)

உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. எந்தச் சூட்டில் மக்கும் என்பதை அந்த அச்சு சொல்வதில்லை, அதுதான் சிக்கல். மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 என்ற தரத்துக்கான சோதனை, பெரிய உரக்கூடத்தைப் போல 58 டிகிரி சூட்டில் நடக்கும். ஆறு மாதத்துக்குள் கவரிலுள்ள கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். பானையில் இருப்பதோ சின்னக் குவியல். சித்திரை வெயிலில்கூட அது அந்தச் சூட்டை வாரக்கணக்கில் பிடித்து வைக்காது. இத்தகைய கவர்களில் சேர்க்கும், சோளம், கரும்பிலிருந்து வரும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில்தான் இளகும். அதற்குக் கீழே ஈரம் அதை உடைப்பதற்கே மாதங்கள் ஆகும். உடைந்த பிறகுதான் நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கும்.

கவரைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சலித்துச் செடிக்குப் போடுங்கள். இனி எச்சத்தைக் கவரில்லாமலே கொட்டுங்கள். கூடவே காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ ஒரு பிடி, வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் புளித்த மோர்.

எங்கள் குடியிருப்பில் ஈரக் குப்பையை மக்கும் கவரில் கட்டிக் கொடுக்கச் சொல்லலாமா? (அண்ணாநகர் சங்கச் செயலாளர்)

வேண்டாம். வண்டியில் வருபவருக்கு எந்தக் கவர் மக்கும், எது மக்காது என்று பார்த்துத் தெரியாது. முடிச்சை அவிழ்த்து, கையால் பிரித்துக் கொட்டுவார். சென்னையில் மாதவரம், சேத்துப்பட்டு போன்ற இடங்களில் உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். இப்படிப்பட்ட கலன்கள் பெரும்பாலும் 35 முதல் 40 டிகிரியில் ஓடுபவை, அந்தச் சூட்டில் பிஎல்ஏ லேசில் சிதையாது. கவர் மிதக்கும், கலக்கியில் சுற்றிக்கொள்ளும். அதனால் பச்சை வாளியில் வெறும் எச்சம் மட்டும் போகட்டும். வாளி நாறுமே என்பீர்கள். அடியில் பழைய செய்தித்தாள் விரித்தால் போதும்.

மெஸ் வைத்திருக்கிறேன். வெந்நீரில் கரைத்துக் காட்டி ‘இதுதான் அசல் மக்கும் கவர்’ என்கிறார் வியாபாரி. வாங்கலாமா? (திருவல்லிக்கேணி)

இந்த வித்தையைப் பார்த்து நானும் ஒருமுறை அசந்திருக்கிறேன். கரைவது வேறு, மக்குவது வேறு. ‘கம்போஸ்டபிள்’ என்ற முத்திரை, தர எண், தயாரிப்பாளர் பெயர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் எண் எல்லாம் இருக்கின்றனவா பாருங்கள். ‘ஆக்ஸோ’ என்று இருந்தால் தொடவே வேண்டாம். அது சாதாரணப் பிளாஸ்டிக்தான், வெயிலில் பொடிப்பொடியாக உதிரும். அப்புறம், சாம்பாருக்குத் தூக்குவாளி கொண்டு வருபவருக்கு இரண்டு ரூபாய் குறைத்துப் பாருங்கள். கவர் செலவும் குறையும்.

பேப்பர் டீ கப்பை ஈரக் குப்பையில் போடலாமா?

கூடாது. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருட்களில் அதுவும் ஒன்று. வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் போடலாம், மட்டையை மட்டும் கிழித்துப் போடுங்கள்.